ஆறடித் தொட்டியில் மலாவி சிக்லிட்கள்: 11 மாத அனுபவம்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன்களுக்காக வைத்த தொட்டி 6 × 2 × 2 அடி. விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும், மணலும் கல்லும் போக உள்ளே இருப்பது 600 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 12 மில்லிமீட்டர் கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட், இரண்டுக்கும் நடுவில் தெர்மாகோல். எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும் என்பதால் மாடியில் வைக்கும் யோசனையை விட்டுவிட்டுத் தரைத்தளத்து ஹாலிலேயே வைத்தோம். கீழே தண்ணீரை வடிகட்ட மூன்றடி சம்ப் தொட்டி, மணிக்கு 5000 லிட்டர் தள்ளும் மோட்டார்.

இதற்கு முன் நாலடித் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். ஆஸ்கர் ஒன்று, ஏஞ்சல் நான்கு, கான்விக்ட் ஒரு ஜோடி என்று பிடித்ததையெல்லாம் அதில் விட்டிருந்தேன். எல்லாமே சிக்லிட்தானே, ஒத்துப்போகும் என்று நினைத்தேன். கான்விக்ட் ஜோடி முட்டையிட்ட அன்றே பாதித் தொட்டி அவற்றுடையதாகிவிட்டது. தங்களைவிட மூன்று மடங்கு பெரிய ஆஸ்கரை மூலையில் நிறுத்திவிட்டு, ஏஞ்சல்களைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. நம்மூர் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான், கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான். குடும்பப் பெயரை நம்பி மீன் சேர்க்கக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது.

அதனால் இந்தத் தடவை மீனைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்தேன். எங்கள் வீடு சென்னையில், தொட்டிக்குப் போர்வெல் தண்ணீர்தான். பிஎச் 7.9, டிடிஎஸ் 850. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும், கடினத்தன்மை தனியாகத் தெரியாது என்பதால் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணும் கிட் ஒன்று வாங்கினேன். ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 17, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 12. சோப்பு நுரைக்காத, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். இதில் டிஸ்கஸ், ராம் மாதிரி மென்னீர் வேண்டிய தென் அமெரிக்க மீன்களை வைக்க வேண்டுமென்றால் வாரா வாரம் 200 லிட்டருக்கு மேல் ஆர்ஓ தண்ணீர் வேண்டும். அதற்காக வீணாகும் தண்ணீரை நினைத்தால் மனசு வரவில்லை. எங்கள் குழாயில் வருகிற தண்ணீருக்குப் பொருந்துகிற மீன்தான் எங்கள் வீட்டு மீன் என்று முடிவு செய்தேன். இத்தனை மாதத்தில் நான் எடுத்த முடிவுகளில் சரியானது இதுதான்.

அப்படித்தான் மலாவிக்கு வந்து சேர்ந்தேன். மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும் ஏரி, ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 700 மீட்டர். வேறெங்கும் இல்லாத சிக்லிட் இனங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஏரித் தண்ணீரின் கடினத்தன்மை எங்கள் போர்வெல்லைவிடக் குறைவு, ஆனால் பிஎச் ஒத்துவருகிறது, இந்த மீன்களும் கடின நீரைச் சிரமமில்லாமல் தாங்குகின்றன.

மலாவி மீன்களுக்குள்ளேயே பிரிவு உண்டு, அதைப் படித்த பிறகும் நான் தவறினேன். பாறையிடுக்கில் வாழ்ந்து பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை எம்புனா. உருவம் சிறியது, கோபம் பெரியது. மணல்வெளியில் வாழும் பீகாக் அப்படியில்லை. அதன் தலையில் பெரிய உணர்வுத் துளைகள் இருக்கின்றன, மணலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே அசையாமல் நின்று உள்ளே நெளியும் சிறு உயிர்களைக் கண்டுபிடித்துச் சட்டென்று வாயால் குத்தி எடுக்கும். எங்கள் தொட்டியில் தீனி பெல்லட் மணலுக்குள் போய்விட்டால் இன்றும் அதே மாதிரிதான் நின்று தேடுகின்றன. பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது ஹாப் வகை, திறந்த நீரில் நீந்துபவை, உருவத்தில் பெரியவை. நான் திட்டமிட்டது பீகாக்கும் ஹாப்பும் மட்டும்.

சம்பில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து பழக ஐந்து வாரம் விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகு மீன் வாங்கப் போனேன். ஒரு கடையில் இரண்டு அங்குலக் குஞ்சுகள் எட்டு, கலந்து ஒரே கவரில் இருந்தன. "எல்லாம் ஆப்பிரிக்கன்தான் அண்ணா, ஒண்ணா வளரும்" என்றார் கடைத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, எல்லாமே ஆப்பிரிக்காதான். அந்த வயதில் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், எது எதுவென்று எனக்கும் தெரியவில்லை. அதில் ஒன்று மட்டும் பளிச்சென்ற மஞ்சள், உடம்பு நீளத்துக்குக் கறுப்புக் கோடு. மகளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

நான்காவது மாதம் அந்த மஞ்சளின் வயிறு மங்க ஆரம்பித்தது. நோய் என்று பயந்து தண்ணீர் மாற்றினேன், இரண்டு நாள் தீனி நிறுத்தினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் நிறம் அப்படியே தலைகீழ் ஆகிவிட்டது. மஞ்சளாக இருந்த இடமெல்லாம் கறுப்பு, கோடு இருந்த இடத்தில் வெளிறிய நீலம். அப்போதுதான் தெரிந்தது, அது ஆராட்டஸ், எம்புனாவிலேயே பொல்லாதது, அதுவும் ஆண். பெண்ணும் குஞ்சும் மஞ்சளாக இருக்கும், வளர்ந்த ஆண் கறுத்துவிடும். நடுவில் இருந்த தட்டைக்கல்லைப் பிடித்துக்கொண்டு ஆறடியையும் அது ஒன்றே ஆண்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் அப்போதுதான் நீலம் ஏறத் தொடங்கியிருந்த பீகாக், சம்புக்குத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே தலையைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வால் காற்றில் கிழிந்த வாழையிலை மாதிரி நாராக இருந்தது, ஒரு பக்கம் செதில் போய் வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் தனித் தொட்டிக்கு மாற்றியும் மூன்றாம் நாள் போய்விட்டது. நல்ல மீன். அதற்கு முன்பே ஆராட்டஸை எடுத்திருக்க வேண்டும், நான் ஒரு வாரம் தாமதித்தேன்.

ஆராட்டஸைப் பிடிக்க 25 கிலோ கல்லையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பகலில் வலையைக் கண்டாலே ஓடியது. இரவு விளக்கையெல்லாம் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடியோரம் மந்தமாக நின்றது, ஒரே அள்ளில் வந்துவிட்டது. எம்புனா மட்டும் வளர்க்கும் நண்பரிடம் இப்போது இருக்கிறது, அங்கே அதற்குச் சரியான ஆட்கள் இருக்கிறார்கள்.

அது போன மறுநாளே அமைதி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்தது முதலிடத்துக்கு வந்து அதே வேலையைத் தொடங்கியது. அடங்கிக் கிடந்தபோது அதன் குணம் நமக்குத் தெரியவே தெரியாது. அப்புறம்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். கற்களை வேறு மாதிரி அடுக்கினேன், நடுவில் ஒரே குவியலாக இல்லாமல் மூன்று இடமாகப் பிரித்து, இடையில் மணல்வெளி விட்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கல்லைக் கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் வலைத்தட்டு போட்டு முதலில் உட்காரவைத்துவிட்டு அதன்பிறகுதான் மணல் கொட்ட வேண்டும். இவை மணலை வாயால் அள்ளிக் குழி பறிப்பவை, மணல்மேல் கல் வைத்தால் என்றைக்காவது சரியும்.

இரண்டாவது முறை கொளத்தூர்ப் பக்கம் வீட்டிலேயே தொட்டி கட்டிக் குஞ்சு எடுப்பவர் ஒருவரிடம் போனேன். பெரியவர். "தம்பி, அப்பன் மீனைப் பாத்துட்டு அப்புறம் குஞ்சை எடு" என்று தாய்த்தொட்டியைக் காட்டினார். அங்கே நிறம் ஏறிய, மூன்றரை நான்கு அங்குல ஆண்களாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு அங்குலத்திலேயே முழு நிறத்தில் ஜொலிப்பதை நான் தொடுவதில்லை, ஹார்மோன் கொடுத்து ஏற்றிய நிறமாக இருக்கலாம். பீகாக், ஹாப் இரண்டிலும் ஆண் மட்டும், ஏனென்றால் பீகாக் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல், எந்த இனம் என்று பிரிக்க முடியாது, கலந்து குஞ்சு போட்டுவிடும். பெண் இருந்தால் ஆண்களின் சண்டையும் கூடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டேன், பழையதும் சேர்த்து மொத்தம் 18. கூட்டம் அதிகம் என்று தோன்றும். ஆனால் ஆறேழு மீன் இருந்தால் ஒரு முரடன் ஒன்றையே குறிவைத்துக் கொன்றுவிடுவான், பதினெட்டு இருந்தால் விரட்டல் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகிவிடும். அதற்கு விலை தண்ணீர் மாற்றம். வாரம் 40 சதவீதம், ஒரு வாரம்கூடத் தவறாமல். வாரக் கடைசியில், கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 40 காட்டும், மாற்றியதும் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும்.

ஒத்துப்போவதில் நான் எதிர்பார்க்காத விஷயம் நிறம். ஒரே நிறம், ஒரே உருவம் என்றால் இனம் வேறாக இருந்தாலும் போட்டியாளன்தான். எலெக்ட்ரிக் ப்ளூ ஹாப் ஒன்று இருந்தது, நீல பீகாக்கை மட்டும் காலையிலிருந்து இரவு வரை விரட்டும், பக்கத்திலேயே சிவப்பு பீகாக் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. நீல பீகாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓபி பீகாக் ஒன்று கொண்டுவந்தேன், உடம்பெல்லாம் திட்டுத்திட்டான புள்ளி. அன்றிலிருந்து அந்த ஹாப் சாதுவாகிவிட்டது. இப்போது ஒரு நிறத்துக்கு ஓர் ஆண் என்றுதான் வைத்திருக்கிறேன். ப்ளூ டால்ஃபின் என்ற ஹாப்பும் நீலம்தான், ஆனால் நெற்றி புடைத்த அதன் உருவம் வேறு, யாரும் அதைச் சீண்டுவதில்லை. இவ்வளவு சாந்தமான மீனை நான் பார்த்ததில்லை.

எம்புனாவில் யெல்லோ லேப் ஆறு மட்டும் சேர்த்தேன். எம்புனாவாக இருந்தாலும் இது அதிகம் புழு பூச்சி தின்பது, பீகாக் தீனியே இதற்கும் ஒத்துவரும். பாசி தின்னும் மற்ற எம்புனாக்களுக்குக் குடல் நீளம், புரதம் மிகுந்த தீனி போட்டால் வயிறு ஊதும் ஆபத்து அதிகம். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த பெல்லட் காலையில், இறால் கலந்த சின்ன பெல்லட் மாலையில், ஞாயிறு பட்டினி. உயிர்ப்புழு கிடையவே கிடையாது.

மே மாதம்தான் கஷ்டம். தொட்டி 32 டிகிரி போனது, சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன்களின் கோபமும் ஏறும். டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசவைத்ததில் இரண்டு டிகிரி இறங்கியது. கரண்ட் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் இரண்டு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும் என்பதால் தண்ணீர் மாற்றுவது காலை ஆறு மணிக்கு மட்டும்.

போன வாரத்திலிருந்து யெல்லோ லேப் ஒன்று தீனிக்கு வரவில்லை. தாடை கீழே பை மாதிரி இறங்கியிருக்கிறது, எதையோ மென்றுகொண்டே இருக்கிற மாதிரி வாய் அசைகிறது. வாயில் முட்டை. இன்று பத்தாவது நாள், மூன்று வாரம் வரை வைத்திருக்கும். பெரிய தொட்டியில் குஞ்சுகளைத் துப்பினால் ஒன்றும் மிஞ்சாது, அதனால் இரண்டடித் தொட்டியில் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன், பதினைந்தாம் நாள் இரவு டார்ச் வைத்து மாற்ற வேண்டும். தகப்பன் லேப்தானா, இல்லை பீகாக் ஏதாவது புகுந்துவிட்டதா என்பது குஞ்சுகள் வளர்ந்தால்தான் தெரியும். மகளின் தோழிகள் இரண்டு பேர் இப்போதே கேட்டுவிட்டார்கள். முதுகுத் துடுப்பில் அந்தக் கறுப்புக் கோடு சுத்தமாக விழுந்ததைப் பார்க்கும் வரை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.