தாங்கும் பூச்சு

செந்தூல் பட்டறையில் அண்ணன் ஒரு பழைய காரின் வினையூக்கி மாற்றியை (எஞ்சின் புகையின் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவி) அறுத்துப் பிரித்து வைத்திருந்தார். "பாரு தங்கச்சி, இதுக்குள்ள இருக்கிற பிளாட்டினத்துக்காகத்தான் திருடனுங்க காருக்கடியில படுக்கிறானுங்க."

உள்ளே சாம்பல் நிறப் பீங்கான். முழுக்கச் சின்னச் சின்னச் சதுரத் துளைகள். துளைச் சுவர்களில் மாவு பூசியது போல மெல்லிய படலம்.

எல்லோருக்கும் பிளாட்டினம்தான் பேச்சு. எனக்கு அந்தப் படலத்தின் மேல்தான் பிரியம்.

அது அலுமினா (அலுமினிய ஆக்சைடு), சீரியா (சீரியம் ஆக்சைடு) போன்ற ஆக்சைடுகள். உலோகம் அதன் மேல் சில நானோமீட்டர் துகள்களாக ஒட்டியிருக்கிறது. பிடிமானம் இல்லையென்றால் புகையின் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். வினையை நடத்துகிற, வெளியே தெரியும் அணுக்கள் குறையும், வேலையும் போச்சு.

சீரியா தன் ஆக்சிஜன் வழியாகப் பிளாட்டினத்தை இறுகப் பிடிக்கிறது. அப்புறம், புகையில் ஆக்சிஜன் குறைந்தால் தன்னுடையதைக் கொடுக்கிறது. மிஞ்சினால் வாங்கி வைத்துக்கொள்கிறது. உலோகமும் ஆக்சைடும் தொடும் விளிம்பில் கார்பன் மோனாக்சைடு சுலபமாக கார்பன் டைஆக்சைடு ஆகிறது.

தங்கத்தையே பாருங்கள். எதோடும் சேராது என்று பெயர். ஆக்சைடின் மேல் நானோ துகள்களாக உட்கார வைத்தால் −70 டிகிரி செல்சியஸ் குளிரிலும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்க்கிறது என்று ஜப்பானின் மசடாகே ஹருடா 1987இல் காட்டினார். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இடைநிலைப்பள்ளியில் வினையூக்கி என்றால் 'தான் மாறாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள்' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம். அந்த விளிம்பை ஒரு படமாவது வரைந்து காட்டுங்கள் ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு வேதியியல் பிடித்துவிடும்.