ஜாய் தெருவில் ஒரு பள்ளிக்கூடம்

போன அக்டோபரில் பாஸ்டன் போயிருந்தபோது ஒரு காலைப்பொழுதை பீக்கன் ஹில் மேட்டிலேயே கழித்தேன். அங்கே மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு முன்னால், பொதுப் பள்ளிகளுக்காகப் பாடுபட்ட ஹொரேஸ் மானின் வெண்கலச் சிலை நிற்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அதைப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.

மாநில செனட்டின் தலைவராக இருந்த மான், 1837-இல் அரசியலை விட்டுவிட்டு, புதிதாக அமைந்த கல்வி வாரியத்தின் செயலாளர் ஆனார். உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைப் பார்த்து, கண்டதை எழுதினார், 12 ஆண்டறிக்கைகள். ஊரார் வரிப்பணத்தில் பள்ளி நடக்கவேண்டும், பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் அங்கே ஒன்றாக உட்காரவேண்டும் என்பதுதான் அவர் பேச்செல்லாம். 1839-இல் லெக்சிங்டனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தபோது முதல் நாள் வந்தவர்கள் 3 பேர்தான். 1852-இல் இதே மாநிலம் கட்டாய வருகைச் சட்டம் கொண்டுவந்தது: 8 முதல் 14 வயது வரை, ஆண்டுக்கு 12 வாரமாவது பள்ளி.

சரி, அங்கிருந்து ஜாய் தெருவில் ஏறி மறுபக்கச் சரிவில் இறங்கினேன். பத்து நிமிட நடைகூட இல்லை. 46-ஆம் எண்ணில் சிவப்புச் செங்கல் கட்டடம், ஏபியல் ஸ்மித் பள்ளி. ஸ்மித் என்ற வெள்ளைக்கார வணிகர் உயில் எழுதி வைத்த பணத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1835-இல் திறந்தது. அதற்கு முன் அவர்கள் படித்தது பக்கத்துத் தேவாலயத்தின் அடித்தளத்தில். இப்போது இரண்டும் அருங்காட்சியகம்.

எனக்கு மனம் கனத்தது இங்கேதான். சாரா ராபர்ட்ஸ் என்ற 5 வயதுக் குழந்தை இந்தப் பள்ளிக்கு வரவேண்டுமானால், வழியில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகள் ஐந்தைக் கடந்து நடக்கவேண்டும். அச்சுத்தொழில் செய்த அவள் அப்பா பெஞ்சமின் 1848-இல் நகரத்தின்மேல் வழக்குப் போட்டார். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும், வெள்ளைக்கார வழக்கறிஞர் சார்லஸ் சம்னரும் வாதாடினார்கள். 1850-இல் தீர்ப்பு எதிராக வந்தது. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையை நியாயப்படுத்தியபோது இந்தத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. ஒரு குழந்தையின் தோல்வி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

ஆனால் பெற்றோர் விடவில்லை. 1840-களிலேயே பலர் பிள்ளைகளை ஸ்மித் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தியிருந்தார்கள். முன்னின்றவர் வில்லியம் கூப்பர் நெல். அவர் 1829-இல் பள்ளி முடித்தபோது சிறந்த மாணவருக்கான பதக்கத்துக்குத் தகுதி பெற்றிருந்தும், கறுப்பர் என்பதால் கிடைக்கவில்லை. பதக்கம் வாங்கிய வெள்ளை மாணவர்களுக்கு நடந்த விருந்தில் பரிமாறுபவராகப் போய் நின்றாராம். என்னைப் பொறுத்தவரை, மானுக்கு இணையான சிலை அவருக்கும் வேண்டும்.

நெல் ஆண்டுக்கணக்காகக் கையெழுத்து திரட்டி மனுக்கள் கொடுத்தார். 1855-இல் மாநிலம் சட்டம் போட்டது: இனத்தைக் காரணம் காட்டி எந்தப் பொதுப் பள்ளியும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஸ்மித் பள்ளி மூடப்பட்டது.

சாராவுக்கு அப்போது 12 வயது இருக்கும்.