வாரம் ஒரு குவார்ட்டரும் டெர்ம் இன்ஷூரன்ஸ் விண்ணப்பமும்

டெர்ம் இன்ஷூரன்ஸ் (பாலிசிக் காலத்துக்குள் நாம் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: மதுப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு ஏஜென்ட் சொல்லும் பதிலை எழுதாதீர்கள். "இல்லைன்னு போடுங்க சார், யார் வந்து பார்க்கப் போறாங்க" என்றார் என் ஏஜென்ட். உண்மையை மறைத்ததாகச் சொல்லி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் நிறுவனம் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கலாம். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்போது நிறுவனத்தின் வாசலில் நிற்கப்போவது ஏஜென்ட் அல்ல, என் மனைவி. சனிக்கிழமை இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி என்று உள்ளபடியே எழுதினேன். அலைச்சல் அங்கே ஆரம்பித்தது.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போய் நின்றால், நிறுவனத்திடமிருந்து அனுமதி மெயில் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முந்தைய நாள் மாலையே ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். அடுத்த முறை சிக்கல் இல்லை. அறிக்கையில் ஜி.ஜி.டி. (குடியால் ஏறக்கூடிய ஒரு கல்லீரல் நொதி) மட்டும் எல்லையைக் கொஞ்சம் தாண்டித் தடித்த எழுத்தில் இருந்தது. மருத்துவர் சான்று கேட்டார்கள்.

நான் போன மருத்துவர் தலை நிமிரவே இல்லை. "அளவாத்தானே? ஒண்ணும் ஆகாது." எவ்வளவு அளவு என்று கேட்டதற்கு, "அதான், அளவா" என்றார். 'மிதமான பழக்கம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். அளவைக் குறிப்பிடவும் என்று நிறுவனம் அந்தச் சான்றைத் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிறுவனத்தின் மேல் மரியாதை வந்தது.

பிறகு எங்கள் பகுதியில் இருக்கும், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் கணக்கு எழுதினார். குவார்ட்டர் 180 மி.லி.; லேபிளில் 42.8 சதவீதம்; ஆக 77 மி.லி. சுத்த ஆல்கஹால்; எடையில் சுமார் 61 கிராம். பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம் என்கிறது. பாதியில்தானே இருக்கிறேன் என்று நிம்மதிப்பட வாய் திறந்தேன். அவர் அடுத்த வரியை எழுதினார்: அதே வழிகாட்டுதல் அந்த அளவை மூன்று நாட்களுக்காவது பரப்பச் சொல்கிறது, ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது மிகைக்குடி. ஊரில் 'எப்போதாவது குடிப்பவர்' என்று பெயரெடுத்த நான் அந்தப் பட்டியலில் இருந்தேன்!

இதயத்துக்கு நல்லதென்று படித்தேனே என்று கேட்டேன். பழைய ஆய்வுகள் பலவற்றில், உடம்பு கெட்டுக் குடியை நிறுத்தியவர்களையும் குடிக்காதவர்கள் பக்கம் சேர்த்துவிட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவன் ஆரோக்கியமாகத்தான் தெரிவான் என்றார். கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தாலும் அது புற்றுநோய் வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடங்களில் ஆபத்து கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு போட்ட பட்டியலில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் மது 1988இலிருந்தே இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

"60 மி.லி.யோடு நிறுத்தினால்?" என்றேன்.

"இருபது கிராம். ஆபத்து குறையும், போகாது. முடிவு உங்களுடையது."

பாலிசி கூடுதல் பிரீமியத்தோடு வந்தது. சான்று வாங்கப் போகிறவர்கள் மில்லியையும் கிராமையும் எண்ணால் எழுதி வாங்குங்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; வலிப்பு மாத்திரை போன்றவையும் ஜி.ஜி.டி.யை ஏற்றிவிடும்.