எட்ஃபுவில் ஒரு கருவறை

எங்கள் நைல் படகு எகிப்தின் எட்ஃபு நகரக் கரையைத் தொட்டபோது முழுதாக விடிந்திருக்கவில்லை. கோயிலுக்குக் குதிரை வண்டியில் போனோம். பேசிய கூலியை இறங்கும்போது இரட்டிப்பாக்கினார் வண்டிக்காரர். தரிசனத்துக்கு முன்னால் சண்டை எதற்கென்று கொடுத்துவிட்டேன்.

பருந்து முகம் கொண்ட ஹோரஸின் கோயில் இது. கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடித்த திருப்பணி. 36 மீட்டர் உயர முகப்பைத் தாண்டியதும், வலம் வரும் பழக்கத்தில் இடப்புறமாகப் பிராகாரத்துக்குள் திரும்பினேன். மேற்கு மதிலில் ஹோரஸ் நிற்கிறார், கையில் நீண்ட எறியீட்டி. எதிரி சேத் நீர்யானை வடிவில் இருக்கிறான், உள்ளங்கை அளவே தெரிகிற சின்ன உருவமாக. பெரிதாகச் செதுக்கினால் அதற்கு உயிர் வந்துவிடுமோ என்று பயந்தார்களாம்! ஆண்டுதோறும் இந்த வதத்தை இங்கே நடித்துக் காட்டி, கடைசியில் நீர்யானை வடிவப் பலகாரத்தை வெட்டியிருக்கிறார்கள். சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஹோரஸ்தான் ஹரி, எகிப்தியச் சூரியக் கடவுள் ரா என்றால் ராமன் என்று ஒலியை வைத்து உறவு கொண்டாடுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. என்னைக் கட்டிப்போட்டது உள்ளே நடந்த பூஜை. மண்டபத்துக்கு மண்டபம் தரை உயர்கிறது, கூரை தாழ்கிறது, இருட்டு கூடுகிறது. கருவறையின் வெளிமுகத்தில் ‘அமைதியாக விழித்தெழுவாய்’ என்று திரும்பத் திரும்ப அழைக்கும் துதி செதுக்கியிருக்கிறது. பள்ளியெழுச்சியேதான். உள்சுவரில் அரசன் தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறக்கிறான், வணங்குகிறான், தூபம் காட்டுகிறான். அன்றாடம் இதை அவன் பெயரில் பூசாரி செய்வார். சுவாமிக்குத் தைலம் பூசி, துணி சாத்தி, உணவு படைப்பார்கள். படைத்தது பிறகு பூசாரிகளுக்குப் பங்காகும். தைலமும் தூபமும் தயாரிக்கும் பக்குவம்கூட ஓர் அறைச் சுவரில் அளவோடு எழுதியிருக்கிறது.

ஆனால் ஜனங்களுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. முற்றத்தோடு சரி. சுவாமி படகில் புறப்பாடாகும்போதுதான் வணங்கலாம், அப்போதும் அவர் திரையிட்ட மாடத்துக்குள் இருப்பார். டெண்டெரா என்ற ஊர்க் கோயிலிலிருந்து தேவி ஹாத்தோர் ஆண்டுக்கொருமுறை நைலில் வந்து, அமாவாசை முதல் பௌர்ணமி வரை கணவர் ஹோரஸோடு தங்கும் திருவிழாவிலும் அப்படித்தான். நெருக்கித் தள்ளினாலும் ஒரு கணம் முகம் பார்த்துவிடுகிற நமக்கு அது பெரும் பட்டினி.

கருவறை நடுவில் ஒரே கல்லில் குடைந்த மாடம். கோயிலைவிடப் பழையது, எகிப்திய அரசன் இரண்டாம் நெக்டனேபோ காலத்தது. பழைய ஆலயத்திலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே யாருமில்லை. இருந்தும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினேன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலாளி அரபியில் ஏதோ சொல்லிக் கையை வீசினார். என் காதில் ‘ஜருகண்டி’ என்றே விழுந்தது.