பற்று வரவு நோட்டில் ஏறிய கிலோமீட்டர்

ராமேஸ்வரம் ஜெட்டிக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறேன். வீடு தங்கச்சிமடம். யார் எவ்வளவு பாக்கி என்று எழுதுகிற நீள நோட்டு ஒன்று கல்லாப்பெட்டி மேலேயே கிடக்கும். அதன் கடைசிப் பக்கங்கள் 2025 ஜனவரியில் இருந்து ஓட்டக் கணக்கு ஆகிவிட்டன. தேதி, தூரம், நேரம், நாலாவது கட்டத்தில் ‘டீ யார்’. அந்த நாலாவது கட்டம் மட்டும் இல்லையென்றால் மூன்றாவது மாதமே நோட்டை மூடியிருப்பேன்.

ஆரம்பம் ஒரு இம்பெல்லரால் வந்தது. ஜனவரி 20, திங்கள். ஒரு விசைப்படகு கிளம்புகிற நேரத்தில் தண்ணீர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் போய்விட்டது. புதுசை எடுத்துக்கொண்டு கடையில் இருந்து ஜெட்டிக்கு ஓடினேன். இருநூறு மீட்டர்கூட இருக்காது. கொடுத்துவிட்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தவன் பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. எனக்கு 44 வயது, 86 கிலோ. படகில் இருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, “மச்சான், எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்குத்தான் கம்ப்ரஷன் இல்ல” என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கம்ப்ரஷன் என்றால் எஞ்சின் உள்ளே காற்றை அழுத்துகிற பலம். எஞ்சின்காரனிடமே அது இல்லை என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

ஜனவரி 21: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதையே எட்டு முறை. 2.6 கி.மீ. என் மனைவி வாசலில் நின்று, “இதுக்கு நடந்தே போயிருக்கலாமே” என்றாள்.

இரண்டு வாரம் தனியாகத்தான் ஓடினேன். விடியலுக்கு முன்னால் எழுந்து, மல்லிகைப் பதியன் போட்டிருக்கிற கொல்லைகளை ஒட்டிய சந்து வழியாகப் போய்த் திரும்புவேன். மண் வாசனையும் வாடைக்காற்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்குத் தெரிந்த ஓட்டம், முடிந்தவரை வேகமாக ஓடி, மூச்சு முட்டியதும் நிற்பது. நிற்கிற இடத்தில் நாய் வரும். மறுபடி ஓடுவேன். பிப்ரவரி முதல் வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓரமாக வலி பிடித்துக்கொண்டது. கடையில் படி ஏற முடியவில்லை.

அப்போதுதான் டீச்சரக்கா அகப்பட்டார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், 47 வயது. பள்ளிக்கூட நாட்களில் 800 மீட்டர் ஓடியவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எதிரே நடந்து வந்தவர் நான் நொண்டுவதைப் பார்த்து நின்றார். “தம்பி, பேசிக்கிட்டே ஓட முடியுதா?” என்று கேட்டார். முடியவில்லை என்றேன். “அப்ப அது ஓட்டம் இல்ல, தப்பிச்சு ஓடுறது” என்றார். ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு வரச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரும் ஓட வந்தார். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம் எதுவோ அதுதான் எங்கள் வேகம் என்று ஆனது. அது என் நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வெட்கமாக இருந்தது. ஆனால் நிற்காமல் 3 கி.மீ. போனேன். அவருடைய பள்ளிக்கூடத்துக் கதை முடிவதற்குள் தூரம் முடிந்துவிட்டது.

இந்தச் சூத்திரம் எல்லா ஊரிலும் சொல்வதுதான். மெதுவாக ஓடும்போதுதான் இதயமும் காலும் தாங்கப் பழகும், வேகம் பின்னால் தானாக வரும் என்பார்கள். பேச்சு என்பது வேகத்தை அளக்கிற கருவி மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் கேட்கத் தயங்குவதை எல்லாம், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஓடுகிறவரிடம் கேட்டுவிட முடிகிறது. என் கடன் விவகாரம் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் டீச்சரக்காவுக்குத் தெரியும்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். பெரிய ஊர்களில் நீண்ட ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் விசைப்படகு தொழிலுக்குப் போகும் நாள் திங்கள், புதன், சனி. ஒரு நாள் போய் மறுநாள் காலையில் கரை சேருவார்கள். எல்லாருக்கும் கை ஒழிகிற விடியல் வெள்ளிதான். பிப்ரவரி கடைசியில் அந்தக் கம்ப்ரஷன் பையனும் வந்து சேர்ந்தான். எனக்கு அவன் மாப்ளே, அவனுக்கு நான் மச்சான், உறவு எதுவும் கிடையாது. அவனோடு ஐஸ் கம்பெனி அண்ணன் வந்தார், 52 வயது. ஐஸ் பாரைக் கொக்கியில் இழுத்தே இறுகிய தோள். மாப்ளே செருப்புக்கூட இல்லாமல் ஓடுவான், மூன்று பேரையும் விட்டுவிட்டுப் போவான், திரும்பி வந்து எங்களைச் சுற்றி மறுபடி போவான். கண்டுகொள்ளாமல் விட்டோம். மூன்றாவது வாரம் அவனும் எங்கள் வேகத்துக்கு வந்துவிட்டான். முன்னால் போனால் பேச ஆள் இல்லையாம்.

டீ விதியும் அப்போதுதான் வந்தது: காலை 5 மணிக்குத் தங்கச்சிமடம் டீக்கடை, கடைசியாக வருபவர் அன்றைய டீக்குக் காசு கொடுக்க வேண்டும். வீடு பக்கத்தில் இருக்கிறவன்தான் எப்போதும் கடைசி. மார்ச் முடிவதற்குள் என் பெயர் பல முறை ஏறியது.

மார்ச்: 5, 6, 6, 8 கி.மீ. எலும்பு வலி திரும்பவும் வரும்போல இருந்ததால் சிமென்ட் ரோட்டை விட்டு வடகடல் ஓரம் ஈர மணலில் ஓடிப் பார்த்தோம். மணல் மெத்தைதான். ஆனால் கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். கடல் பக்கத்துக் கால் பள்ளத்தில், கரைப் பக்கத்துக் கால் மேட்டில். 4 கி.மீ. ஒரே திசையில் போனேன், இடது இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது பாதித் தூரத்தில் திரும்பிவிடுகிறோம், இரண்டு காலுக்கும் சமம்.

மேடு ஏறிப் பழக இந்தப் பக்கம் மலை கிடையாது. இருக்கிற ஒரே மேடு பாம்பன் ரோட்டுப் பாலம். 1988-ல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், கீழே கப்பல் போக நடுவில் உயர்ந்திருக்கும். ஏறும்போது வாய் மூடிவிடும். உச்சியில் ஒருவர் பேச ஆரம்பித்தால்தான் மற்றவர் மூச்சு திரும்பியது தெரியும். பக்கத்தில் 1914-ன் பழைய ரயில் பாலம், 2022 டிசம்பரில் இருந்து ரயில் இல்லாமல் நின்றது. ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகு ஒரு விடியலில் நாங்கள் மேலே ஓட, ரயில் கீழே போனது. ஐஸ் கம்பெனி அண்ணன் கை காட்டினார். யாரோ ஒருவர் ஜன்னலில் இருந்து பதிலுக்குக் காட்டினார். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், என்னமோ ஜனாதிபதி கை காட்டியதுபோல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மாப்ளேக்கு 61 நாள் சும்மா, எனக்கு வருடத்தில் அதிக வேலை. எல்லாப் படகும் அப்போதுதான் எஞ்சினைப் பிரிக்கும். அவன் தினமும் ஓடினான், நான் வாரத்துக்கு இரண்டு. வெயிலில் 7 மணிக்கு மேல் ஓட்டம் கிடையாது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, வழிந்துகொண்டேதான் இருக்கும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. முதல் 10 கி.மீ. மே 9 அன்று: 1 மணி 21 நிமிடம். தொடை உரசிப் புண்ணானது. தேங்காய் எண்ணெய் அரை மணி நேரம் தாங்கியது, வாஸ்லின் கடைசி வரை தாங்கியது. ஓட்டம் முடிந்ததும் பனையோரத்தில் பதநீர். அதற்காகவே ஓடலாம். ஆனால் ஓடும்போது குடித்தால் வயிறு குலுங்கும், குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீராகாரத்தில் உப்புப் போட்டு முந்தின இரவே எடுத்து வைப்பது எனக்கு ஒத்துப்போனது.

ஷூ மதுரையில் வாங்கினேன், ஒரு சைஸ் பெரிதாக. வெயிலில் தூரம் போகப் போகப் பாதம் வீங்கும். அளவாக வாங்கிய முதல் ஜோடி இரண்டு கால் நகத்தைக் கறுப்பாக்கியது.

ஜூனில் தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று எழுந்தது. அப்போதுதான் தனுஷ்கோடி ரோட்டுக்குப் போனோம். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல். இடது கை வடகடல், இங்கே பெண் கடல் என்பார்கள். வலது கை தென்கடல், ஆண் கடல். கச்சான் மாதங்களில் ஆண் கடல் பொங்கும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடையில் அப்படியே தலைகீழ். போகும்போது வலது காதில் மணல் அடிக்கும், வரும்போது இடது காதில். நாலு பேரும் வரிசையாக ஓடினால் எல்லாருக்கும் அடி. காற்று வரும் பக்கம் ஒருவர் அரை அடி முன்னால், அடுத்தவர் அவர் தோளுக்குப் பின்னால், இப்படிச் சாய்வாக ஓடினால் ஒருவருக்குத்தான் முழு மணல். ஒரு கிலோமீட்டருக்கு ஒருவர் மாறிக்கொள்வோம். அண்ணன் தன் முறை முடிந்தாலும் நகர மாட்டார். “நமக்கு ஐஸ்ல நின்ன ஒடம்பு, மணல் என்ன செய்யும்” என்பார். டீச்சரக்கா அதட்டித்தான் உள்ளே தள்ளுவார்.

சுற்றுலா வேன்கள் நின்று, “வண்டி ரிப்பேரா? ஏறிக்கிறீங்களா?” என்று கேட்கும். மாப்ளே ஒரு தடவை உண்மையாகவே ஏறிவிட்டான்.

ஜூலையில் ஒரு வாரம். மாப்ளே போன படகோடு சேர்ந்து போன இன்னொரு படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. அதில் அவன் கூட்டாளி. வெள்ளிக்கிழமை வருவான் என்று நினைக்கவில்லை, வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. நோட்டில் அன்றைக்கு: 6 கி.மீ., நேரம் எழுதவில்லை, டீ இல்லை.

அரை மாரத்தான் யோசனை டீச்சரக்காவுடையது. முழு மாரத்தானின் 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், அதில் சரிபாதி 21.1 என்று அவர்தான் விளக்கினார். தென்னாப்பிரிக்காவில் 1921-ல் இருந்து ‘காம்ரேட்ஸ்’ என்று ஒரு ஓட்டம் நடக்கிறதாம், சுமார் 90 கி.மீ., முதல் உலகப் போரில் இறந்த தோழர்கள் நினைவாக. “90-ஆ? எதுக்குக்கா?” என்றான் மாப்ளே. “சேந்து ஓட ஆள் இருந்திருக்கும்” என்றார் அண்ணன்.

போட்டிக்குப் பணம் கட்டி மதுரைக்கோ சென்னைக்கோ போக மனம் வரவில்லை. தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனை வட்டத்தில் இருந்து பைக்கில் பின்னோக்கி அளந்தேன், ராமேஸ்வரம் ஊரை ஒட்டி 21.1 வந்தது. அங்கேயே ஆரம்பம் என்று முடிவானது. டீச்சரக்காவுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை, படகுக்கு ஓய்வு நாள், காற்றும் மாறுகிற நேரம்: அக்டோபர் 3, வெள்ளி.

காலை 4:45-க்குக் கிளம்பினோம். இருட்டில் நாலு டார்ச். முகுந்தராயர் சத்திரம் தாண்டும்போது மணி 6:10. அதற்கு முன்னால் போனாலும் பயனில்லை, விடியாமல் உள்ளே விட மாட்டார்கள். 14 வரை எனக்குச் சிரமமே இல்லை. மாப்ளே தன் கல்யாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டு வந்தான், பெண் வீடு ஏர்வாடிப் பக்கம்.

பழைய தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் எதிரே அண்ணன் நின்றுவிட்டார். ஒவ்வொரு முறையும் நிற்பார். 1964 டிசம்பர் புயலில், ரயிலையே கடல் கொண்டுபோன அந்த இரவில், அவருடைய அம்மா இங்கே சிறுமி. பிழைத்துத் தங்கச்சிமடம் வந்த குடும்பம். சிலுவை போட்டுக்கொண்டு, சுவரைத் தொட்டுவிட்டு வந்தார். வந்தவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இன்னும் நாலரை கிலோமீட்டர். உப்புத் தண்ணீர் கொடுத்தோம், மாப்ளே உட்கார்ந்து காலை நீவிவிட்டான். “நீங்க போங்க, நான் வேன்ல வர்றேன்” என்றார். அன்றைக்குப் பார்த்து ஒரு வேனும் இல்லை. இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டோம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஜனவரி மாதக் கணக்குக்கே திரும்பினோம்.

அசோகத் தூண் வட்டம் கண்ணுக்குத் தெரிந்ததும் மாப்ளே ஒரு குண்டைப் போட்டான். கடைசியாக வருபவர் டீ என்றால், அது முடிவுக்கும் பொருந்தும்தானே? அண்ணன் நொண்டிக்கொண்டே வேகம் எடுத்தார், டீச்சரக்கா சிரித்துக்கொண்டே முந்தினார். நான் ஷூ கயிறு கட்டக் குனிந்திருந்தேன். 2 மணி 57 நிமிடம்.

விதி கடைக்கு வரும் நேரத்துக்கு மட்டும்தான், ஓட்டத்துக்கு இல்லை என்று நான் சொன்னேன். அப்படியானால் காலையில் கடைசியாக வந்ததும் நீங்கள்தானே என்றார் டீச்சரக்கா. திரும்பும் வேனில் முழுக்க இதே பேச்சு. நோட்டில் நாலாவது கட்டத்தில் இப்போதைக்கு எழுதியிருப்பது: ‘தகராறு’.