116-ஆ 132-ஆ: எங்கள் பேஸ்பால் லீக்கில் ஒரு ரூக்கி பட்ட பாடு

மேரிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியம் சாப்பிடும்போது பேச ஏதாவது வேண்டுமே என்றுதான் ஆபீஸ்காரர்களின் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்கில் சேர்ந்தேன். ஐபிஎல்லுக்கு நாம் டீம் போடுகிற மாதிரிதான், ஆனால் இது ஒரு மேட்ச்சோடு முடிகிற சமாசாரம் இல்லை. எங்களுடையது கீப்பர் லீக், 12 அணிகள். சீசன் முடிந்ததும் ஆளுக்கு 8 ஆட்டக்காரர்களை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் மறுபடி டிராஃப்ட்டுக்கு (வரிசை முறையில் ஆளெடுப்பது) போய்விடுவார்கள். அந்த 8 பேர் போக ரூக்கிகளுக்கென்று (புதுமுகங்களுக்கு) தனியாக 3 இடம் உண்டு. அந்த 3 இடத்தில்தான் அத்தனை வில்லங்கமும்.

2022 ஆகஸ்ட் 31 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காரர்கள் கன்னர் ஹெண்டர்சனை மேஜர் லீக்குக்கு (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) கூப்பிட்டார்கள். நான் அதற்கு முன்பே அவரை எடுத்து ரூக்கி இடத்தில் உட்கார வைத்திருந்தேன், உள்ளூர் டீம் ஆள் என்ற பாசம் வேறு. அந்த சீசனில் 34 ஆட்டம் ஆடினார். சரி, அடுத்த வருடமும் ரூக்கி இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம், 8 பேரில் ஒரு இடம் மிச்சம் என்று குளிர்காலம் முழுக்க நிம்மதியாக இருந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தப்பு.

2023 மார்ச்சில், பட்டியல் கொடுக்கக் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது கமிஷனருக்கு (லீக்கை நடத்துகிற ஆளை அப்படித்தான் சொல்வோம்) போன் போட்டேன். அவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "132 காட்டுதே, 130 தாண்டியாச்சு, இனி அவர் ரூக்கி இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பதறிப்போய், ஹெண்டர்சனுக்கு 8 பேரில் இடம் பண்ணுவதற்காக அன்று ராத்திரியே என் க்ளோசர் (ஆட்டத்தின் கடைசியில் வந்து வீசி முடித்துவைக்கிற பிட்சர்) ஃபெலிக்ஸ் பாவ்டிஸ்டாவை இன்னொருவருக்கு, டிராஃப்ட்டில் அவருடைய நான்காம் சுற்று வாய்ப்புக்குப் பதிலாகத் தள்ளிவிட்டேன். சும்மா விடுவதற்கு அது மேல் என்று நினைப்பு.

மறுநாள்தான் உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன். அந்த 132 என்பது பிளேட் அப்பியரன்ஸ், அதாவது மட்டையோடு வந்து நின்ற மொத்தத் தடவை. அட்-பேட் என்பது வேறு கணக்கு. நான்கு பந்து தப்பாகப் போட்டு ஆளை முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டால் அது வாக், அட்-பேட்டில் சேராது. கிரிக்கெட்டில் வைட் பந்து பேட்ஸ்மேன் சந்தித்த பந்துக் கணக்கில் வராதே, கிட்டத்தட்ட அப்படி. ஹெண்டர்சன் வாங்கிய வாக் 16, அட்-பேட் 116. மேஜர் லீக் விதியில் இருப்பது அட்-பேட்தான்: முந்தைய சீசன்களில் 130 அட்-பேட்டையோ, பந்து வீசுபவர் என்றால் 50 இன்னிங்ஸையோ (மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒரு இன்னிங்ஸ்) தாண்டியிருக்கக் கூடாது, மேஜர் லீக் ரோஸ்டரில் (அணியின் ஆட்டக்காரர் பட்டியல்) 45 நாளுக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது, காயப் பட்டியலில் இருந்த நாட்கள் கணக்கில்லை. ஆகஸ்ட் 31 முதல் சீசன் முடிந்த அக்டோபர் 5 வரை விரல் விட்டு எண்ணினால் 36 நாள்தான். எப்படிப் பார்த்தாலும் அவர் ரூக்கி.

எங்கள் லீக்கின் விதித்தாளில் என்ன இருந்தது? "130 தடவை பேட் செய்யாதவர் அல்லது 50 இன்னிங்ஸ் வீசாதவர்" என்று ஒரே வரி. தடவை என்றால் எந்தத் தடவை? எட்டு வருடமாக ஒருத்தருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எல்லோருக்கும் மெயில் போட்டேன், கொஞ்சம் காரமாகவே. பதிலுக்கு ஒவ்வொருவரும் தங்கள் பூதத்தை அவிழ்த்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து அந்த வருடம்தான் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு வந்த பிட்சர் கோடாய் செங்காவை ரூக்கி இடத்தில் வைக்கலாமா, 30 வயது ஆள் எப்படி ரூக்கி என்று ஒருவர். (ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோவே 2001-ல் 27 வயதில் ரூக்கி விருது வாங்கியவர்தானே, மேஜர் லீக்குக்குப் புதிது என்றால் ரூக்கிதான்.) நாடுகள் மோதுகிற உலக பேஸ்பால் கிளாசிக் நடந்துகொண்டிருந்ததால் அதில் அடிப்பதும் சேருமா என்று இன்னொருவர், அவர் கிண்டலுக்குக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. இன்னொரு புதுமுகம் கார்பின் கேரலை வைத்திருந்தவர் மட்டும் வாயே திறக்கவில்லை. அவருடைய ஆளுக்கு அட்-பேட் 104, மொத்தத் தடவை 115, எந்தக் கணக்கிலும் தப்பித்துவிடுவார்.

உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஜூனில் மேலே வருகிற ஒரு பிட்சர் ஆகஸ்ட்டில் 50 இன்னிங்ஸைத் தாண்டினால் அன்றைக்கே ரூக்கி இடத்தைக் காலி செய்ய வேண்டுமா, சீசன் முடிகிற வரை இருக்கலாமா? இதில் நேரம் போனது. மேஜர் லீக் பார்ப்பது முந்தைய சீசன்களை மட்டும்தான், சீசன் தொடங்கும்போது ரூக்கி என்றால் முடிகிற வரை ரூக்கி, நாமும் அதையே வைப்போம் என்றேன். ஆனால் ஒரு பூட்டும் போட்டோம்: ரூக்கி இடத்தில் இருக்கும்வரை அவர் ஆடுவது நமக்குப் புள்ளியாகாது, ஒரு தடவை மெயின் அணிக்கு எடுத்துவிட்டால் திரும்ப ரூக்கி இடத்துக்கு அனுப்ப முடியாது. இல்லையென்றால் நல்லா ஆடுகிற வாரம் வெளியே எடுத்து, சொதப்புகிற வாரம் உள்ளே ஒளித்துவைப்பார்கள். நானே செய்திருப்பேன்.

45 நாள் விதியை மட்டும் வேண்டாம் என்று விட்டோம். யார் எத்தனை நாள் ரோஸ்டரில் இருந்தார்கள் என்று வேலையை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஓட்டெடுப்பில் 9 பேர் சரி என்றார்கள், நானும்தான்.

ஆக, கெடுவுக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஹெண்டர்சன் ரூக்கி இடத்துக்குத் திரும்பினார். ஆனால் பாவ்டிஸ்டா திரும்பவில்லை. கமிஷனர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் இரண்டு பேர் ஒத்துக்கொண்டு முடித்த டிரேடை ரத்து செய்ய முடியாதாம். அந்த வருடம் பாவ்டிஸ்டா 33 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டம்), 1.48 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, குறைந்தால் நல்லது). ஆகஸ்ட்டில் முழங்கையில் அடிபட்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்தது, பாவம், அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஹெண்டர்சனை முதல் வாரமே மெயின் அணிக்கு எடுத்தேன், ஒரு மாதம் போல சரியாகவே அடிக்கவில்லை, பூட்டுப் போட்டது நாம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் 28 ஹோம் ரன், ரூக்கி விருது.

இந்த வருடம் ஒருவர் ஜப்பானிய பிட்சர் ரோக்கி சசாகியை ரூக்கி இடத்தில் வைத்துப் பட்டியல் கொடுத்திருக்கிறார். 2025-ல் அவர் வீசியது 36 இன்னிங்ஸ் சொச்சம்தான், ஆனால் 45 நாளைத் தாண்டிவிட்டார், மேஜர் லீக் கணக்கில் ரூக்கி இல்லை. எங்கள் தாளில்தான் நாள் கணக்கே கிடையாதே. எனக்கு வந்த மெயிலில் ஒரே வரி: "நீயும்தானே ஓட்டுப் போட்டாய்?"