தண்ணீரை விலக்கலாமா?

இயேசுவை விசுவாசிக்கத் தொடங்கியதற்கும் ஞானஸ்நானம் பெற்றதற்கும் நடுவில் எனக்குப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. இந்து வீட்டில் பிறந்து, பாளையங்கோட்டையில் வளர்ந்து, ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அந்த இடைப்பட்ட காலத்தில் நான் இரட்சிக்கப்பட்டவளா இல்லையா என்ற கேள்வி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இதே நிலையில் இருக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விசுவாசம் வந்த கதை சின்னது. யாரும் என்னை அழைக்கவில்லை. நைட் ஷிப்டில், மாதிரிகள் வராத நேரத்தில், லூக்கா சுவிசேஷத்தை வாசிக்க ஆரம்பித்தேன். ஏழாம் அதிகாரத்தில் ஊரே பாவி என்று ஒதுக்கிய ஒரு பெண் இயேசுவின் பாதத்தில் விழுந்து அழுகிறாள். அவர் அவளிடம், "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது, சமாதானத்தோடே போ" என்கிறார். அந்த வசனத்தைத் தாண்டி அன்றைக்கு என்னால் போக முடியவில்லை. மெல்ல மெல்ல ஜெபம் பண்ணத் தொடங்கினேன். அப்புறம் எதிர்வீட்டு அக்காவோடு ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

கடைசி பெஞ்சுதான் என் இடம். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு இருந்தது. திருவிருந்து நேரத்தில் மட்டும் எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னே போவார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள். ஞானஸ்நானமும், பேராயர் முன்னால் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிற திடப்படுத்தலும் பெற்றவர்களுக்குத்தான் அந்த அப்பமும் ரசமும். அது எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் பசி இருந்தது.

வேலையிடத்தில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற ஒரு அக்கா உண்டு. ஒரு நாள் தன் பாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் மாற்கு 16:16ஐத் திறந்து வைத்துக்கொண்டார்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்." அப்புறம், "இன்னைக்கு ராத்திரி நீ செத்தா எங்க போவ?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறே தண்ணீரில் இறங்கிவிட வேண்டும் என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ரோட்டைக் கடக்கும்போதுகூட பயம் பிடித்துக்கொண்டது. லாரி மோதினால் நான் நம்பியதெல்லாம் வீண்தானா? லூக்காவில் என்னைத் தொட்ட இயேசு, தொட்டியில் இறங்காததால் என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவாரா?

அந்தப் பயத்தோடு எங்கள் சேகரத்து ஐயரிடம், அதாவது எங்கள் ஆலயப் போதகரிடம், போனேன். ஐயா அதே வசனத்தை முழுசாக வாசிக்கச் சொன்னார். "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்று முடிகிறது. "ஞானஸ்நானம் பெறாதவன் என்று அதில் போட்டிருக்கா, பாரும்மா" என்றார். போட்டிருக்கவில்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் ஏது? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு மட்டும்தான் கிடைத்தது. அதற்கு நேர்மாறாக அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் சீமோன் என்று ஒரு மாயவித்தைக்காரன். அவன் ஞானஸ்நானம் பெற்றவன். ஆனாலும் ஆவியின் வரத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்தான். அவன் இருதயம் செம்மையாக இல்லை என்று இயேசுவின் சீடர் பேதுரு முகத்துக்கு நேரே சொல்கிறார். தண்ணீர் பட்டும் ஒருவன் தூரத்திலேயே நிற்கலாம், படாமலே ஒருவன் பரதீசுக்குப் போகலாம்.

எனக்கு மூச்சு வந்தது. "அப்போ ஞானஸ்நானம் இல்லாட்டியும் பரவாயில்லையா ஐயா?" என்று கேட்டேன்.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றவர் பத்தாம் அதிகாரத்தை எடுத்தார். என் கேள்விக்கு நான் தேடிய பதில் அங்கேதான் கிடைத்தது. கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவன் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு முடியுமுன்பே கேட்டவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறார். அங்கே இன்னும் தண்ணீரே வரவில்லை. தேவன் அவர்களை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அப்படியானால் ஞானஸ்நானம் எதற்கு என்று பேதுரு கேட்டிருக்கலாம். அவர் கேட்டது வேறு: "நம்மைப்போலப் பரிசுத்த ஆவியைப் பெற்ற இவர்களும் ஞானஸ்நானம் பெறாதபடிக்கு எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா?" தேவன் உள்ளே சேர்த்துக்கொண்டவர்களைச் சபை வெளியே நிறுத்தக்கூடாது. சேர்க்கப்பட்டவர்களும், "எனக்குத்தான் ஆவி கிடைத்துவிட்டதே, தண்ணீர் வேண்டாம்" என்று விலகிப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியர் நிருபம் சொல்வதும், பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொல்வதும் மோதிக்கொள்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். கொர்நேலியு வீட்டில் இரண்டும் ஒரே மூச்சில் நடக்கின்றன.

ஒரு நாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் வார்டு நர்ஸ் குறுக்கே வந்தார். அவர் கத்தோலிக்கர். ஞானஸ்நானத்தை அவர்கள் திருமுழுக்கு என்பார்கள். மீட்புக்கு அது அவசியம் என்று அழுத்திச் சொல்கிற சபை அது. ஆனால் திருமுழுக்குக்காக ஏங்கிக் காத்திருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், அந்த ஏக்கத்தையே கடவுள் ஏற்றுக்கொள்வார் என்பதும் அவர்களுடைய போதனை. இதை ஐயாவிடம் சொன்னபோது, 392ஆம் ஆண்டில் இறந்த ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டினியனைப் பற்றிச் சொன்னார். ஞானஸ்நானம் கேட்டு ஆளனுப்பியவன், பெறுமுன்பே செத்துப்போனான். துக்கத்தில் இருந்த அவனுடைய சகோதரிகளுக்கு மிலான் பேராயர் அம்புரோஸ் சொன்ன ஆறுதல் இதுதான்: அவன் கேட்டானே, கேட்டதைப் பெற்றுக்கொண்டான். அன்றைக்குத்தான் எனக்கு லாரிப் பயம் விட்டது.

அடுத்தது வீடு. என்னைப் பொறுத்தவரை முழு வழியிலும் கடினமான இடம் இதுதான். அம்மாவுக்கு நான் சர்ச்சுக்குப் போவது தெரியும், அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். ஞானஸ்நானம் என்றதும்தான் முகம் மாறியது. "ஏட்டி, மனசுல வச்சுக் கும்பிடு, யாரு வேண்டாம்னா? தலையில தண்ணி ஊத்தினாத்தான் உங்க சாமி ஒத்துக்கிடுவாராக்கும்?" என்றாள். பாஸ்டர் கேட்டதைவிடக் கூர்மையான கேள்வி அது. "அவர் ஏற்கெனவே ஒத்துக்கிட்டாரும்மா. நான்தான் எல்லார் முன்னாடியும் அவரை ஒத்துக்கிடணும்" என்றேன். அவள் பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐயா அவசரப்படவே இல்லை. "அம்மாவைத் தாண்டிக் குதிச்சு வர வேண்டாம். பேசிப் பேசி வா" என்று காத்திருக்கச் சொன்னார்.

காத்திருந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருத்தி எனக்குப் பெரிய துணை. குளோரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை. பாளையங்கோட்டையில் அவர் கட்டிய கோயிலை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்தபோதே அவர் ஞானஸ்நானம் கேட்டார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் அதே ஸ்வார்ட்ஸ் இங்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் அவருடையது. 1785இல் அந்தக் கோயில் எழும்பியது. திருநெல்வேலிச் சபை வரலாற்றையே அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மறுக்கப்பட்டு நின்ற வருஷங்களில் அவர் விசுவாசம் செத்துப்போகவில்லை. ஸ்வார்ட்ஸ் செய்தது சரியா என்று என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் காத்திருப்பு ஒருவரைக் கைவிடப்பட்டவராக ஆக்கிவிடாது என்று அவரிடம்தான் கற்றேன்.

அம்மா ஒருவழியாக, "உன் இஷ்டம்" என்றாள். அதன் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. சுயவிருப்பத்தில் கேட்கிறேன் என்று கைப்பட மனு எழுதிக் கொடுத்தேன். சேகரக் கமிட்டியில் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் சபை ஊழியர் ஆயத்த வகுப்பு எடுத்தார். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரமண்டல ஜெபம், அப்புறம் ரோமர் ஆறாம் அதிகாரம். மனப்பாடம் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு வரிக்கும், "இதை நீ நம்புறியா?" என்று நிறுத்திக் கேட்டார், அதுதான் கடினம்.

வகுப்பில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு ஞானஸ்நானம் வேறொரு கணக்கையும் கொண்டுவந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். 2024 நவம்பரில்கூட, குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தம்பி வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டான். ஆலயத்துக்கு இன்னும் வருகிறான். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு பெரியவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஏங்கிய பேரரசனுக்கு அம்புரோஸ் சொன்ன ஆறுதலை இந்தப் பையனுக்குச் சொல்ல நமக்கு ஏன் வாய் வரவில்லை? கிறிஸ்தவனானதால் அவனை யாரும் சாதி பார்க்காமல் விட்டுவிடப் போவதில்லை. ஆலயத்துக்குள்ளேயும் அது உண்டு. அதைச் சரிசெய்யாமல் அவனை விசாரிக்கிற உரிமை நமக்கு இல்லை.

பேர் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "உன் அம்மா வச்ச பேர்லேயே ஆண்டவருக்கு உன்னைத் தெரியும்" என்றார் ஐயா. முழுக்கா, தெளிப்பா என்ற பேச்சும் வந்தது. வேலையிடத்து அக்கா முழுக்குத்தான் செல்லும் என்று இன்றைக்கும் சொல்கிறார். ஆதிச்சபையின் திதகே என்ற போதனை நூலே ஓடுகிற தண்ணீரை முதலில் சொல்லிவிட்டு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றலாம் என்கிறது. எங்கள் ஆலயத்தில் இருப்பது கல் தொட்டி. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஞாயிறு காலையில் அம்மா என்னை உட்காரவைத்துத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளும் காரணம் சொல்லவில்லை. ஆலயத்துக்கும் வந்து எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஐயா மூன்று முறை கையால் அள்ளி ஊற்றினார். எண்ணெய் முடியில் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டு, வகிடு வழியாக இறங்கிக் காதுக்குள் போயிற்று.

எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் நடந்தது. கேள்விகளுக்கு அதன் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பதில் சொன்னார்கள். வகுப்பில் நான் அதிகம் வாதாடியது இதைப் பற்றித்தான். விசுவாசிக்கவே தெரியாத குழந்தைக்கு ஏன்? பெரியவளாகித் திடப்படுத்தலில் அது தானே அறிக்கையிடும் என்ற விளக்கம் எனக்கு அரைகுறையாகத்தான் இறங்கியிருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை ஐயா கையில் ஒன்றும் செய்யாமல் கிடந்ததைப் பார்த்தபோது என்னைப் பற்றி ஒன்று விளங்கியது. இத்தனை வருஷம் வாசித்து, அழுது, வாதாடி, வீட்டில் போராடி நான் இங்கே வந்து நிற்பதாக நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை எதைச் சம்பாதித்தது? நானும் அதைப்போலத்தான் வாங்கிக்கொள்ள வந்திருந்தேன். விசுவாசமே தேவனுடைய ஈவு என்றால், நான் கொடுத்ததாகச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சகோதரர்களோடு நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அவர்கள் வாதத்திலும் பலம் உண்டு. ஆனால் என்னைப் பொறுத்தவரை கிருபையைப் பற்றிய பாடத்தை அன்றைக்கு நடத்தியது அந்தக் குழந்தைதான்.

பதிவேட்டில் பெற்றோர் பெயர் எழுதுகிற இடத்தில் ஐயா அம்மாவையே கேட்டு எழுதினார். பேராயர் வந்தபோது திடப்படுத்தல் நடந்தது, அதன் பின் திருவிருந்து. அக்காவோடு சேர்ந்து முன்னே போனேன்.

ஞானஸ்நானத்தால் என்ன மாறியது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. என் இரட்சிப்பு நைட் ஷிப்டில் தொடங்கியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதுவரை அது எனக்குள் மட்டும் இருந்தது. மனசு சோர்ந்துபோகும்போது, நான் நிஜமாகவே விசுவாசித்தேனா, வெறும் உணர்ச்சிதானா என்று என்னையே தோண்டிக்கொண்டிருப்பேன். இப்போது தோண்டுவதில்லை. என் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது, அவருடைய நாமம் என்மேல் சொல்லப்பட்டது. அது என் மனநிலையைப் பொறுத்தது அல்ல. பயமுறுத்தி ஒருவரைத் தண்ணீரில் இறக்குவதும், விசுவாசம் இருந்தால் தண்ணீர் எதற்கு என்று அலட்சியமாகப் பேசுவதும் எனக்கு இரண்டுமே சம்மதமில்லை.

இப்போது சனிக்கிழமை வகுப்பில் நானும் உதவிக்கு உட்காருகிறேன். புதிதாக வருகிறவர்களை முதலில் அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்வேன். அப்புறம், வீட்டில் சொல்லியாச்சா என்று கேட்பேன். இல்லை என்றால் போய்ப் பேசிவிட்டு வரச் சொல்வேன். எத்தனை மாதம் ஆனாலும் ஐயா காத்திருப்பார்.